ஊமைக்கொட்டை

உங்களில் பாதிப் பேருக்கு இப்போது கண் தெரியாது, மீதிப் பேருக்குக் காது கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர்களான நம்முடைய மாதக் கூட்டத்துக்குப் போன தடவை ஓர் ஆசிரியப் பயிற்சிப் பெண் நோட்டோடு வந்தாளே, நினைவிருக்கிறதா? வகுப்பை அடக்கி வைத்துக்கொள்வதில் உங்கள் கொள்கை என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒருவர் அன்பு என்றார். ஒருவர் கண்டிப்பு என்றார். இரண்டும் வேண்டும் என்றார் மூன்றாமவர், கல்யாண வீட்டில் சோறும் வேண்டும் குழம்பும் வேண்டும் என்கிற மாதிரி. என் முறை வந்தபோது முட்டி வலிக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அதையும் அந்தப் பெண் எழுதிக்கொண்டாளோ என்னவோ.

பயிற்சிப் பள்ளியில் நானும் அந்தக் கேள்விக்கு நாலு பக்கம் எழுதியவள்தான். பார்வையாலேயே அடக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது, குறும்புக்காரனை முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். நல்ல மார்க் போட்டார்கள். எழுதியதில் ஒரு வரிகூட என் வரி இல்லை. என் கொள்கை அதற்கு வெகு காலம் முன்பே, நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே, முடிந்து போன விஷயம். இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இனி சொல்லாமல் வைத்திருந்து என்ன செய்யப் போகிறேன்? தூக்கிச் சுமக்க அலுப்பாக இருக்கிறது.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே, பஸ் போகும் பாதையிலிருந்து இரண்டு மைல் உள்ளே. அப்போது வெளிநாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது மண்ணெண்ணெய் கிடைக்காத சண்டை, அவ்வளவுதான். மாசி மாதம். கண்மாயில் தண்ணீர் வற்றி, சேறு வெடித்து, வெடிப்புக்குள் கால் போகும் அளவுக்கு ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் ஒரே நீளக் கூடம்; மண் சுவர், பனையோலைக் கூரை. ஆறு நாள் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். ஐந்து வகுப்புக்கும் ஐந்து வரிசை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வாத்தியார். ஜெபம் நடத்துகிறவரும் அவரே. அரிச்சுவடிப் பிள்ளைகள் சுவர் ஓரமாக, குண்டாற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதுவார்கள். அந்த மணலின் வாசனை, வெயில் ஏறிய ஓலையின் வாசனை, முப்பத்தொரு பிள்ளைகளின் வேர்வை, மூன்றும் சேர்ந்த ஒரு வாடை உண்டு. இன்றைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் என் மூக்கு முதலில் அதைத்தான் தேடுகிறது.

வாத்தியார் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவரைத் திட்டாதீர்கள். பிரம்பு வைத்திருந்தார், அதிகம் எடுத்ததில்லை. அவருடைய துரதிர்ஷ்டம், முந்தின வருஷம் இன்ஸ்பெக்டர் வந்த நேரத்தில் அவர் ஒரு சாவு வீட்டில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். இங்கே ஒரே சந்தைக்கடை. இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒழுங்கு என்பதே இல்லை, அடுத்த முறையும் இப்படி இருந்தால் பள்ளியின் அங்கீகாரத்தை எடுத்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் மூடிப்போனால் ஆம்பளப் பிள்ளைகள் திருச்சுழிக்கு நடப்பார்கள். எங்களை யார் அனுப்புவார்கள்?

அந்த வருஷம் பார்த்து வாத்தியாருக்கு ரேஷன் கார்டு எழுதும் வேலை வந்து சேர்ந்தது. சுற்றுப்பட்ட ஊர்களில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று கிராம முன்சீப் பிடித்துக்கொண்டார். காலையில் வந்து ஜெபம் சொல்லி, பாடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். வகுப்பு என் பொறுப்பு. நான்தான் சட்டாம்பிள்ளை, ஐந்தாம் வகுப்பில் இருந்த மூன்று பேரில் நன்றாகப் படிக்கிறவள், உயரமானவள்.

முதல் நாள் கிளம்பும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இன்ஸ்பெக்டரு எப்ப வேணா வருவாரு. நான் இருந்தாலும் இல்லாட்டியும் சத்தம் வரக்கூடாது, அம்புட்டுத்தான். இந்த ஒரு தடவ தப்பிச்சிட்டா, ஒங்கய்யாகிட்ட நானே பேசி ஒன்ன அருப்புக்கோட்டை போர்டிங்குல சேத்து விடுதேன். டீச்சரம்மா ஆகலாம்."

எங்கள் அய்யா என்னை ஐந்தோடு நிறுத்துவதாக முடிவு கட்டியிருந்தார். பருத்தி எடுக்க ஆள் வேண்டும். அதனால் வாத்தியார் சொன்ன அந்த வார்த்தை எனக்கு வேதவாக்காகி விட்டது. டீச்சர் ஆவது ஒரு பக்கம்; அதைவிட, பருத்திக் காட்டில் முதுகு காயாமல் இருக்கலாம். இன்றைக்கு வெட்கமில்லாமல் சொல்வேன், எனக்குக் கல்வியில் ஆசை வந்ததே முதுகு வலியால்தான்.

பிரம்பு என்னிடம் தரப்படவில்லை. பேசுகிறவர்கள் பெயரைச் சிலேட்டில் எழுதினேன். வாத்தியார் களைத்துப்போய் வந்து அதைப் பார்ப்பதே இல்லை. இரண்டே நாளில் பயல்களுக்கு அது தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் பழைய சந்தைக்கடை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு காய்ந்த பனங்கொட்டையைக் காலால் எத்திக்கொண்டே போனேன். நார் மயிர் மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு பிள்ளையின் கைக்கு அடங்காத அளவில் இருந்தது. எத்திக்கொண்டே யோசித்தேன். அந்த யோசனை எனக்கு எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சட்டம் இதுதான். யார் வாய் திறந்தாலும் பனங்கொட்டை அவர் மடிக்குப் போகும். இன்னொருவர் பேசுவதைப் பிடித்துக் கொடுத்தால்தான் அதை அவரிடம் தள்ளிவிட முடியும். சாயங்கால மணி அடிக்கும்போது யார் மடியில் இருக்கிறதோ அவர், எல்லாரும் போன பிறகு வாசல் சரளையில் முட்டி போட வேண்டும். சிரித்தாலும் பேச்சுத்தான், அழுதாலும் பேச்சுத்தான், கொட்டாவியில் சத்தம் வந்தாலும் பேச்சுத்தான். ஊமைக்கொட்டை என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

நாலே நாள். நான் எதுவும் செய்யவே வேண்டியிருக்கவில்லை. முப்பது பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். கொட்டையை வைத்திருக்கிறவன் பூனை மாதிரி உட்கார்ந்து பக்கத்தில் இருக்கிறவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். சித்தப்பா மகனைப் பெரியப்பா மகன் பிடித்துக் கொடுத்தான். ஒருவனைப் பேச வைப்பதற்காகத் தொடையில் கிள்ளினார்கள். அதையெல்லாம் நான் பார்த்தேன், கிள்ளுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் வாத்தியார் சாயங்காலம் திரும்பி வந்தவர் கூடத்துக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே ஆளே இல்லை என்று நினைத்தாராம். எட்டிப் பார்த்து முப்பத்தொரு தலையையும் கண்டதும் அவர் முகத்தில் வந்த ஆச்சரியம் இருக்கிறதே, பிற்காலத்தில் நல்லாசிரியர் விருது கிடைத்த தோழிகளின் முகத்தில்கூட நான் அதைக் கண்டதில்லை. எப்படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அரிச்சுவடி வரிசையில் ஆட்டுக்காரம்மாவின் மகன் இருந்தான். ஐந்து வயசு இருக்கும். அப்பன் இல்லை; ஆத்தாள் பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு வைத்து மேய்த்துக்கொண்டிருந்தாள். இவனுக்கு வாய் ஓயாது. சன்னல் வழியே குட்டி ஏதாவது தெரிந்தால் போதும், அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அதே மாதிரிக் கத்தியும் காட்டுவான். தாயாடு கத்துவதற்கும் குட்டி கத்துவதற்கும் வித்தியாசம் காட்டுவான். முன்பெல்லாம் அதற்கு நானே சிரித்திருக்கிறேன். ஊமைக்கொட்டை வந்த முதல் வாரத்தில் தினமும் சாயங்காலம் அது அவன் மடியில்தான் இருந்தது. அவனுக்கு யாரையும் பிடித்துக் கொடுக்கத் தெரியவில்லை. பெரிய பையன்கள் அவன் முன்னாலேயே பேசிவிட்டு, இல்லை என்று சாதிப்பார்கள். சரளையில் முட்டி போட்டுக்கொண்டு, எப்போது எழுந்திருக்கலாம் என்று என் முகத்தையே பார்ப்பான். சின்ன முட்டி, கல் அச்சு அப்படியே பதிந்திருக்கும். இரண்டாவது வாரம் அவன் வாயும் அடங்கிவிட்டது. சன்னலுக்கு வெளியே ஆடே வந்து நின்றாலும் குனிந்து மணலையே பார்த்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. அடங்காத காளையை ஏரில் பூட்டிய பெருமை.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் இந்தத் தடவை முன்கூட்டியே தெரிந்துவிட்டது. புது மணல் கொண்டுவந்து கொட்டினோம். பனங்குருத்து ஓலையில் தோரணம் கட்டினோம். மிச்ச ஓலைகளைச் சுவர் ஓரமாகவே போட்டு வைத்திருந்தோம். காலை பத்து மணிக்கு வில்வண்டியில் வந்தார். தலைப்பாகை, கோட்டு, கையில் ஒரு கடிகாரம். வாத்தியார் ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த நாற்காலியை மறுபடி துண்டால் துடைத்தார். இன்ஸ்பெக்டர் அதில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். காகிதம் புரளுகிற சத்தம் கூடத்தின் கடைசி வரை கேட்டது. ஐந்தாம் வகுப்பை எழுப்பி வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன்.

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது ஆட்டுக்காரம்மாவின் மகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை ஆள்காட்டி விரலை என் பக்கமாகத் தூக்கிக் காட்டினான். ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றால் ஒரு விரல் காட்டுவதுதான் எங்கள் வழக்கம். அவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது. அடக்க முடியாமல் வேர்க்கிறது என்று நினைத்தேன். இந்த நேரத்தில் எழுந்து போனால் என்ன ஆகும்? நான் உதட்டின் மேல் விரல் வைத்தேன். அவன் கையை இறக்கிக்கொண்டான். சிறிது நேரம் கழித்து மறுபடி காட்டினான். நான் கண்ணை உருட்டினேன். இப்போது இடது கையால் வலது விரலைப் பிடித்துக்கொண்டு, கீழ் உதட்டைப் பல்லால் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை அவன் உதட்டைக் கவனித்துக்கொண்டிருந்தாள், ஊமைக்கொட்டை அன்றைக்கு அவள் மடியில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தார். கணக்குக் கேட்டார், பாட்டுக் கேட்டார். கிளம்பும்போது வாத்தியாரிடம், இத்தனை சின்னப் பிள்ளைகளை இவ்வளவு அமைதியாக வைத்திருக்கும் பள்ளியை இந்தத் தாலுகாவில் தான் கண்டதில்லை என்றார். வண்டி மாடுகளின் சலங்கைச் சத்தம் தேய்கிறவரை நாங்கள் யாரும் அசையவில்லை. பிறகு வாத்தியார் எல்லாரையும் எழுந்து போகச் சொன்னார். ஆட்டுக்காரம்மாவின் மகன் எழுந்தான், வாந்தி எடுத்தான், அந்த மணலிலேயே விழுந்தான்.

பெரிய பையன் ஒருவன் ஓலையைப் புரட்டினான். செந்தேள். அதை அடித்துக் கொன்றார்கள். விரல் வீங்கிக் கறுத்திருந்தது, கையெல்லாம் சில்லிட்டிருந்தது. வாத்தியார் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வேப்பிலை அடித்துப் பார்வை பார்க்கிறவர் ஒருவர் ஊரில் உண்டு, அவரிடம் ஒரு பொழுது போயிற்று. அப்புறம் மாட்டு வண்டி கட்டித் திருச்சுழிக்கு வைத்தியரிடம் கொண்டு போனார்கள். பிழைப்பானா என்று மூன்று நாள் தெரியவில்லை. அவன் செத்துப் போனால் நான் கொன்றதாகத்தானே ஆகும் என்று கணக்குப் போட்டேன். கூடவே இன்னொரு கணக்கும் மனசுக்குள் ஓடியது. அவன் விரல் காட்டியது வேறு யாருக்கும் தெரியாது. பிழைத்தால் அவன் சொல்லுவானா? சொன்னால் போர்டிங் போய்விடுமா? இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தவள் நான்.

பிழைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாத்தியார், இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் எழுதிவிட்டுப் போனதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபம் முடிந்ததும் வாத்தியார் எங்கள் அய்யாவைப் பிடித்து, இவளைப் பருத்திக்கு அனுப்பினால் பாவம் என்று அரை மணி நேரம் பேசினார். அய்யா தலையைச் சொறிந்துகொண்டு, சரி, ஐயா சொன்னால் சரிதான் என்றார். இப்படித்தான் நான் டீச்சரானேன்.

அடுத்த நாள் ஆட்டுக்காரம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சண்டை போட வருகிறாள் என்று நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் கையில் ஒரு செம்பு இருந்தது.

"ஐயா, பெரிய மனுசரு வந்திருக்காகன்னு எம் மவனுக்கு எம்புட்டு மருவாதி தெரிஞ்சிருக்கு பாத்தீகளா. அம்புட்டு வெசம் ஏறியும் வாயத் தொறக்கலையே. எல்லாம் இந்தப் புள்ள பழக்குன பழக்கம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தா தாயீ, குடி" என்று செம்பை நீட்டினாள்.

ஆட்டுப்பால். வாத்தியார் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் இரண்டு பேரில் ஒருவராவது, ஏன் அந்தப் பிள்ளை கத்தவில்லை என்று கேட்டிருக்கலாம். தேள் கொட்டினால் கிழவனே ஊரைக் கூட்டுவான். ஐந்து வயசுப் பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததே என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர்களுக்கு அமைதியைக் கண்டால் கண்ணை மறைத்துவிடுகிறது. நான் அந்தப் பாலை வாங்கிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். என் வகுப்புச் சத்தம் ஊருக்கே கேட்கும் என்று உங்களில் சிலர் என் முதுகுக்குப் பின்னால் சொன்னது எனக்குத் தெரியும். மூன்று தலைமை ஆசிரியர்கள் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். ஒருவர் எழுத்தாகவே கொடுத்தார். எனக்குச் சத்தத்தை அடக்கத் தெரியாது என்று நினைத்தார்கள். தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நம் கூட்டத்தில் யாரும் இல்லை. வகுப்பு சட்டென்று அமைதியாகிவிட்டால் பாடத்தை அப்படியே நிறுத்துவேன். எழுந்து போய் ஒவ்வொரு பிள்ளையின் கையாகப் பார்த்துவிட்டு வருவேன். பிள்ளைகள் என்னைக் கிறுக்கு டீச்சர் என்றார்கள். தவறில்லை. அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் சொல்ல என்னிடம் இருந்தது இவ்வளவுதான், இதை ஒரு நோட்டில் எப்படி எழுதுவாள்?

இன்னும் ஒன்று பாக்கி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். மெலிந்து போயிருந்தான், வலது கையில் துணி சுற்றியிருந்தது. வாத்தியார் கார்டு எழுதப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு அவருக்கு வகுப்பைப் பற்றிக் கவலையே இல்லை. அவன் தன் இடத்துக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தான். நான் விரலைப் பார்த்தும் பேசாமல் இருந்ததைக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. இடது கையை நீட்டினான்.

"அக்கா, நான் வீட்டுல போயி கத்திட்டேன்" என்றான். "ரொம்ப நேரம் கத்துனேன். கொட்டையக் குடுங்க."

மற்ற பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் கத்தியது கணக்கில் வராது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஒருவனுக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள், சட்டம் தளர்ந்தால் வகுப்பு கெட்டுப்போகும் என்று எனக்குத் தோன்றியது. நீங்களும் நானும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம் இதை. எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையால் பிடிக்க முடியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். அன்றைக்கு யாரும் பேசவில்லை. சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, நான் சொல்லாமலே, அவன் வாசலுக்குப் போய்ச் சரளையில் முட்டி போட்டான்.